மேடு ஏறிய கரம்பை

இது நான் நேரில் பார்த்ததல்ல. மண் ஆய்வுக்கூடத்தில் மாதிரிகளைச் சலித்துக் கொடுக்கும் சாரதா அக்கா ஒரு மதியம் சாப்பிடும்போது சொன்னார். அவரும் அன்று அங்கே இல்லை. ஜீப் ஓட்டுநர் சொல்லக் கேட்டவர். அதனால் பேச்சில் ஒன்றிரண்டு சொல் மாறியிருக்கலாம்.

பூலுடையாருக்கு அப்போது ஐம்பத்து நாலு வயது. முப்பது வருடம் அலுவலகத்தில் கோப்பு பார்த்தவர். ஓய்வு பெறுவதற்குள் மண் படிக்க வேண்டும் என்று தானே எழுதிக் கேட்டுக் களப்பணிக்கு வந்திருந்தார். அவருக்குக் கற்றுக்கொடுத்த ஆய்வாளர் ஜெயசீலிக்கு முப்பத்தெட்டு. அவர் இவரை ‘அண்ணாச்சி’ என்பார். இவர் அவரை ‘மேடம்’ என்பார். அலுவலகத்தில் மற்றவர்கள் ‘குருவும் சிஷ்யரும் கிளம்பியாச்சு’ என்பார்கள்.

அன்று ஜீப்பில் பூலுடையார் கேட்டார்.

“மேடம், பாறை உடையுது, மழை அரிக்குது, வேரு இறங்குது. காலம் போகப் போக மண்ணாவுது. அதெல்லாம் புரிஞ்சுட்டு. ஆனா ஒரு மண்ணு எப்போ உருவாகி முடியுது?”

ஜெயசீலி, பூலுடையாரின் மடியிலிருந்த முந்தின நாள் படிவங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

“எதுலயும் தேதி இல்லையே அண்ணாச்சி.”

“வெள்ளிக்கிழமை எல்லாத்துக்கும் சேர்த்துப் போட்டுக்கிடுதேன். நூத்துக்கணக்கான வருஷமா கிடக்குற மண்ணு. அத நான் திங்கக்கிழமை அளந்தா என்ன, வெள்ளிக்கிழமை அளந்தா என்ன?”

ஜெயசீலி படிவங்களை அடுக்கி அவரிடமே கொடுத்தார்.

அவர்கள் போனது ஒரு மேட்டு நிலத்துக்கு. ஏழு குடும்பங்கள் அங்கே உளுந்தும் சோளமும் போட்டுவந்தன. விளையாத நிலம் என்று படிவம் போனால் அந்த மேடு கல் குவாரிப் பட்டியலில் சேரும். படிவம் அன்று மாலையே போக வேண்டும்.

குழி முன்னமே வெட்டிவைக்கப்பட்டிருந்தது. பூலுடையார் முதலில் குழியின் விளிம்பைத் துடைப்பத்தால் சுத்தமாகப் பெருக்கினார். பிறகு உள்ளே இறங்கி, மண்வெட்டி வழித்த பக்கத்தைக் கத்தி முனையால் கொத்திக் கொத்தி உதிர்த்தார். மண்வெட்டி பட்ட இடம் எல்லா மண்ணையும் ஒரே மாதிரி வழவழப்பாகக் காட்டும் என்று ஜெயசீலி சொல்லிக்கொடுத்திருந்தார்.

மேலே கறுப்பு. கீழே சிவப்புச் சரளை. அதற்கும் கீழே பாறை.

கறுப்பில் ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, கட்டைவிரலால் நீட்டிப் பார்த்தார். நாடாவாக நீண்டது. நல்ல களிமண். சிவப்பு நீளவே இல்லை, நொறுங்கியது.

“மேடம், ரெண்டும் வேற வேற மண்ணு. கறுப்பு இந்தப் பாறையில இருந்து வந்ததில்ல. ஒரு காலத்துல இங்க ஆறு ஓடியிருக்கு. அது கொண்டாந்து போட்ட வண்டல்.”

“ஆறு மேட்டுல எப்படி ஏறுச்சு?”

பூலுடையார் சுற்றிலும் பார்த்தார். நாலு பக்கமும் சரிவு. தூரத்தில், கீழே, வற்றிய குளம் தெரிந்தது.

கறுப்பைக் கத்தியால் மறுபடி கிளறினார். வெள்ளையாக ஏதோ விழுந்தது. நத்தை ஓடு. இன்னொன்று விழுந்தது. அடுத்து ஒரு பானை ஓடு.

குழிக்கு மேலே நின்றிருந்த பேச்சித்தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிலம் அவருடையது.

“ஆறு ஏறல சார். எங்க மாமியா தலையில ஏறி வந்துச்சு.”

“என்னது?”

“குளத்தடியில படியுற கரம்பை. ஒவ்வொரு கோடைக்கும் அள்ளிக் கொட்டுவோம். அவுகளுக்கு முன்னாடி அவுக மாமியா. அப்போ கூடை, இப்போ டிராக்டரு. இந்த வருசம் இன்னும் பாதி நடைதான் வந்திருக்கு. வெறும் சரளையில உளுந்து முளைக்குமா? சொல்லுங்க.”

பூலுடையார் கைப்புத்தகத்தைப் பிரித்தார். ஆட்கள் கொண்டுவந்து சேர்த்த மண் ஐம்பது சென்டிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால், அந்த மண்ணை வைத்துத்தான் நிலத்துக்குப் பெயர். அதற்குக் குறைந்தால், கீழே கிடக்கும் மண்ணின் பெயர். இங்கே கீழே கிடப்பது சரளை. சரளை என்றால் விளையாத நிலம்.

டேப்பை வைத்தார். நாற்பத்தேழு.

மறுபடி வைத்தார். நாற்பத்தேழுதான்.

பேச்சித்தாய் அவர் முகத்தைப் பார்த்தார். “எவ்வளவு வேணும் சார்?”

பூலுடையார் டேப்பைச் சுருட்டத் தொடங்கினார்.

“அண்ணாச்சி, விளிம்புல எதைப் பெருக்கினீங்க?” என்றார் ஜெயசீலி.

“தூசி மேடம். கட்டி கட்டியா கிடந்துச்சு.”

“எங்க தள்ளினீங்க?”

பூலுடையார் மேலே ஏறிப் போய்ப் பார்த்தார். ஓரத்தில் ஒதுக்கியது கறுப்பாக, உடையாத கட்டிகளாகக் கிடந்தது. அந்தக் கோடையில் வந்த கரம்பை.

“அது நேத்துப் பரப்புனது. குப்பைன்னு நினைச்சுட்டீகளோ?” என்றார் பேச்சித்தாய்.

பூலுடையார் இரண்டு கையாலும் அள்ளி, பெருக்கிய இடத்தில் முன்பு இருந்ததுபோலப் பரப்பினார். டேப்பை வைத்தார். ஐம்பத்து மூன்று.

“மேடம்!”

ஜெயசீலி குடத்தை எடுத்துவந்து அந்தக் கட்டிகள் மேல் தண்ணீரை மெல்ல ஊற்றினார். கட்டிகள் கரைந்தன. ஒரு குடம் போதவில்லை. இரண்டாவது குடமும் ஊற்றினார்.

பேச்சித்தாய் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். “நல்லாத்தானே இருந்துச்சு. எதுக்குத்தா அதுல தண்ணிய ஊத்துத?”

“மழை பெஞ்சா அமுங்குமில்லக்கா.”

“அமுங்கும்,” என்றார் பேச்சித்தாய்.

காத்திருந்தார்கள். ஓட்டுநர் ஜீப்பிலிருந்து இரண்டு தடவை ஹாரன் அடித்தார். யாரும் திரும்பவில்லை.

தண்ணீர் வடிந்து மண் படிந்ததும் ஜெயசீலி சொன்னார். “இப்ப வைங்க.”

நாற்பத்தொன்பது.

பூலுடையார் குழிக்குள்ளேயே நின்றார். படிவத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார். எழுதவில்லை.

“ஒரு சென்டிமீட்டர் மேடம். டேப்பைக் கொஞ்சம் சாச்சுப் பிடிச்சா வந்துரும்.”

“வரும்.”

“ஐம்பதுன்னு போடட்டுமா?”

“குழிக்குள்ள ஐம்பது இருக்கா?”

“இல்ல.”

“அப்ப நாற்பத்தொன்பதுன்னு எழுதுங்க.”

“ஏழு குடும்பம் மேடம். முப்பது வருஷம் நான் எழுதின எதாலயும் யாரும் ஊரை விட்டுப் போனதில்ல.”

கீழே குளத்தின் கரையில் ஒரு டிராக்டர் ஏறிக்கொண்டிருந்தது. பெட்டி நிறையக் கறுப்பு. மேட்டுப் பாதையில் அது திரும்பும்வரை மூன்று பேரும் அதையே பார்த்தார்கள்.

பூலுடையார் நாற்பத்தொன்பது என்று எழுதினார்.

படிவத்தை நீட்டினார். ஜெயசீலி வாங்கவில்லை.

“தேதியையும் எழுதுங்க அண்ணாச்சி.”

சாரதா அக்கா இதோடு நிறுத்திவிட்டார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உலக அளவில் வழங்கும் மண் வகைப்பாட்டு நூலை எடுத்துப் பார்த்தேன். காலங்காலமாக மனிதர் உழைத்து உண்டாக்கிய மண்ணுக்கு அதில் தனிப் பிரிவு இருக்கிறது. அங்கேயும் எல்லை ஐம்பது சென்டிமீட்டர்தான். பிறகு அனுமதி வாங்கி அந்தப் படிவத்தையும் பார்த்தேன். நாற்பத்தொன்பது, மே மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை. பக்கத்தில் வேறு யாரோ சிவப்பு மையில், ‘கோடையில் எடுத்த அளவு. கரம்பை கொட்டுவது முடியவில்லை எனத் தெரிகிறது. மழைக்குப் பின் மறு அளவு எடுக்கவும்’ என்று எழுதியிருந்தார்கள். அதன் கீழே, முதல் வரியை எழுதிய அதே கையெழுத்தில் இன்னொரு வரி இருந்தது. ஐம்பத்தொன்று. அடுத்த ஜனவரி, தேதியோடு.