இறங்காத நீல மருந்து

மருதமலைக்குப் போகும் சாலையில் மெய்யம்மை என்று ஓர் ஆசிரியை இருந்தார். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுக் கூடத்துக்குச் சிலர் வருவார்கள். கண்ணை மூடிப் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார்கள். பாடம் என்று எதையும் அவர் நடத்துவதில்லை. யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்வார். சில சமயம் அதுவும் சொல்லமாட்டார்.

அங்கே வருகிறவர்களில் மூத்தவர் நாச்சிமுத்து. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆசிரியையைவிட இருபது வயதுக்கு மேல் பெரியவர். மனைவி தெய்வானை இறந்த பிறகுதான் வரத் தொடங்கினார். எப்போதும் சுவரோரம் உட்காருவார். முடிந்ததும், மற்றவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று பேசும்போதே, அவர் பஸ் ஏறிப் போய்விட்டிருப்பார்.

ஒரு ஞாயிறு அவர் போகவில்லை. எல்லோரும் கலைந்து போகும்வரை காத்திருந்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணுங்க."

"கேளுங்க ஐயா."

"எனக்கு மௌனம் கைகூடிருச்சுங்களா?"

"ஏன் கேக்கறீங்க?"

"நாள்கணக்கா வாயே திறக்கறதில்லீங்க. அதுல ஒரு சிரமமும் தெரியல. பேசணும்னு தோணறதுகூட இல்லை. போன வாரம் சிலிண்டர் கொண்டாந்தவருகிட்ட ரெண்டு வார்த்தை பேசினேன். என் குரல் எனக்கே வேற யாரோட குரலோ மாதிரி இருந்துச்சுங்க."

சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சம் பெருமை தெரிந்தது.

மெய்யம்மை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"நாளைக்கு மத்தியானம் உங்க வீட்டுல எனக்குச் சோறு போடுவீங்களா?"

நாச்சிமுத்துவின் வீடு சரவணம்பட்டியில், மூன்றாவது மாடியில் இருந்தது. மறுநாள் காலையிலேயே அடுப்பைப் பற்ற வைத்தார். சாதம், தட்டைப்பயறுக் குழம்பு, ரசம், பீன்ஸ் பொரியல். தண்ணீர் வைக்கும்போதுதான் கை நின்றது. அவர் புழங்குகிற டம்ளர் ஒன்றே ஒன்று. தட்டும் ஒன்றுதான். விருந்தாளிக்கென்று அலமாரியில் அடுக்கி வைத்திருந்ததிலிருந்து ஒரு தட்டையும் கண்ணாடி டம்ளர்களையும் எடுத்தார். டம்ளர் எல்லாவற்றிலும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். துண்டால் துடைத்தார். போகவில்லை. அழுத்தித் துடைத்தார். அப்போதும் போகவில்லை.

மெய்யம்மை வந்து சாப்பிட உட்கார்ந்தார். டம்ளரைக் கையில் எடுத்ததும் நாச்சிமுத்து முந்திக்கொண்டார்.

"கழுவினதுதானுங்க. டிஷ்வாஷர்ல போட்டா அப்படித்தான் ஆயிருது."

"டிஷ்வாஷரா? நீங்க ஒருத்தர்தானே?"

"மக வாங்கிக் கொடுத்தது. அவ அம்மாவுக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கிப் போச்சு. பாத்திரம் தேய்க்க வேண்டாம்னு வாங்கினா. இப்ப யாருக்காக ஓட்டறது? சுகந்தி நெதர்லாந்துல இருந்து வந்தா ஓட்டுவா. அவ போன பிறகு அடுத்த வருஷம்தான்."

"என்ன கோளாறு?"

"கடைசியா அலசறப்ப ஒரு நீல மருந்து இறங்கணுங்க. ரின்ஸ் எய்டும்பாங்க. அது கலந்தாத்தான் கறை நிக்காது. இதுல அது இறங்கறதே இல்லை. ஊத்தின மருந்து ஊத்தினபடியே நிக்குது. குறையவே இல்லை."

"ரொம்பச் சிக்கனமான மெஷின்" என்றார் மெய்யம்மை.

நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிப்பு இருமலாகத்தான் வெளியே வந்தது.

சாப்பிட்டு முடித்ததும் மெய்யம்மை தன் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். மேடைக்கு அடியில் இருந்த டிஷ்வாஷரின் முன்னால் தரையிலேயே உட்கார்ந்தார்.

"திறங்க ஐயா, பாப்போம்."

"வேண்டாங்கம்மா. பழைய சாமான்காரருக்குக் கொடுத்தரலாம்னு இருக்கேன்."

"கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை திறந்து பாக்கலாமே."

நாச்சிமுத்து சுவிட்சை அணைத்துவிட்டுக் கதவை இறக்கினார். கதவின் உள்பக்கம், சோப்பு போடும் குழியை ஒட்டி, வட்டமாக ஒரு மூடி இருந்தது. அதைத் திருகினார். அசையவில்லை. துண்டை வைத்துப் பிடித்துத் திருகியதும் கழன்றது. உள்ளே மருந்து தண்ணீராக இல்லை. நீல நிற நுங்கு மாதிரி உறைந்து கிடந்தது.

"கெட்டிப்பட்டுப் போச்சுங்களே."

"வெந்நீர் ஊத்தினா இளகுமா?"

"இளகும்னுதான் நினைக்கிறேன். சூடு அதிகமாகக் கூடாது. பிளாஸ்டிக் வளைஞ்சுரும்."

வெதுவெதுப்பாகத் தண்ணீர் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். ஊறட்டும் என்று இருவரும் காத்திருந்தார்கள். தரையில் இரண்டு பேர் உட்கார்ந்ததும் அந்தச் சமையலறை சின்னதாகிவிட்டது.

"இளகினதை உறிஞ்சி எடுக்க ஏதாவது இருக்கா? ஸ்பூன் உள்ளே போகாதே" என்றார் மெய்யம்மை.

நாச்சிமுத்து எழுந்து படுக்கையறைக்குப் போனார். திரும்பி வர நேரமாயிற்று. வந்தபோது கையில் ஊசி இல்லாத பெரிய சிரிஞ்ச் ஒன்று இருந்தது. கொடுக்காமல் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"இதுலதானுங்க தெய்வானைக்குக் கஞ்சி கொடுத்தேன். மூக்குல டியூப் போட்டிருந்தாங்க."

"வேற ஏதாவது தேடிக்கலாமா?"

நாச்சிமுத்து வேண்டாம் என்று தலையாட்டினார். பிறகு கீழே உட்கார்ந்தார். சிரிஞ்சின் முனையை உள்ளே விட்டு மெல்ல இழுத்தார். நீலமாகக் கட்டிகட்டியாக ஏறியது. கிண்ணத்தில் பீய்ச்சினார். மறுபடி வெந்நீர் ஊற்றினார்.

"டியூப்ல போனா ருசி தெரியாதுங்கம்மா" என்றார் திடீரென்று. மெய்யம்மை கிண்ணத்தை அருகில் நகர்த்திப் பிடித்துக்கொண்டார்.

"அவளுக்குக் கஞ்சி போயிட்டிருக்கும். நான் பக்கத்துல உக்காந்து சாப்பிடணும். அது அவ உத்தரவு. என் தட்டைக் காட்டிக் காட்டிக் கேப்பா, வாயால முடியாது, புருவத்தால. நான் சொல்லணும். ரசத்துல மிளகு கொஞ்சம் தூக்கலா இருக்குன்னு சொல்லணும். பீர்க்கங்காய் இன்னிக்கு இனிப்புன்னு சொல்லணும். சும்மா நல்லா இருக்குன்னு சொன்னா விடமாட்டா, தலையை ஆட்டிருவா. எப்படி நல்லா இருக்குன்னு சொல்லணும். கல்யாணம் ஆனதுல இருந்து சமையலைப் பத்தி ஒரு வார்த்தை பேசாதவனுங்க நான். அந்த ஒரு மாசம் சாப்பாட்டு நேரமெல்லாம் பேச்சுத்தான்."

செருமிவிட்டு மறுபடி தொடங்கினார். சிரிஞ்ச் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"அவ போன அன்னிக்குச் சொந்தக்காரங்க யாரோ இட்லி கொண்டாந்து வெச்சாங்க. ஒரு வாய் வெச்சதும் சொல்லறதுக்காகத் திரும்பினேனுங்க. அதுக்கப்புறம் எதுக்கும் ருசியே தெரியல. சுகந்தி போன் பண்ணி என்னப்பா சாப்பிட்டேன்னு கேப்பா. சாப்பிட்டேன்னு மட்டும் சொல்லுவேன். என்னன்னு சொல்ல வாய் வராது."

கிண்ணத்துத் தண்ணீரில் நீலம் வெளிறிக்கொண்டே வந்தது. மருந்து வெளியே வருகிற சின்னத் துளையைப் பழைய பல்துலக்கியால் தேய்த்தார். அங்கேயும் ஒரு கட்டி அடைத்திருந்தது. அது பெயர்ந்து விழுந்ததும் இருவரும் ஒரே நேரத்தில் குனிந்து பார்த்தார்கள்.

சிங்குக்குக் கீழே சுகந்தி வாங்கி வைத்துவிட்டுப் போன புதுப் பாட்டில் இருந்தது. அதிலிருந்து மருந்தை நிரப்பி மூடியைத் திருகினார். சாப்பிட்ட தட்டுகளோடு அலமாரியில் இருந்த கண்ணாடி டம்ளர்கள் அத்தனையையும் அடுக்கி, சோப்பும் போட்டு, மெஷினை ஓட்டினார்.

"முடிய நேரம் ஆகுங்க. உங்களுக்கு வேலை இருக்கும், கிளம்புங்கம்மா."

"டம்ளரைப் பாத்துட்டுப் போறேன்."

மெஷின் உறுமியது. நாச்சிமுத்து பேசினார். தெய்வானை இந்த மெஷினை நம்பவே இல்லை என்றார். உள்ளே போடுவதற்கு முன்னாலேயே எல்லாவற்றையும் ஒருமுறை கையால் கழுவிவிடுவாளாம். அப்புறம் மெஷின் எதற்கு என்று கேட்டால், பொண்ணு காசு போட்டு வாங்கினது, ஓடட்டும் என்பாளாம். மகளுக்குக் கல்யாணம் நடந்த மண்டபத்தில் மின்சாரம் போனதையும், மின்வாரியத்துக்காரர் வீட்டுக் கல்யாணத்திலேயே இப்படியா என்று சம்பந்தி கேட்டதையும் சொன்னார். இந்தத் தடவை சிரிப்பு சிரிப்பாகவே வந்தது. ஓரிடத்தில் பேச்சு உடைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். மெய்யம்மை கேட்டுக்கொண்டிருந்தார்.

மெஷின் நின்றபோது ஜன்னலில் வெயில் சாய்ந்திருந்தது. கதவைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. நாச்சிமுத்து ஒரு டம்ளரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். இன்னும் இரண்டு புள்ளிகள் இருந்தன. மற்றபடி எதிர்வீட்டு மொட்டைமாடியில் காய்ந்த துணி அதன் வழியே தெளிவாகத் தெரிந்தது.

"குழாய் சொட்டலைன்னா நல்லா மூடியிருக்குன்னுதானுங்க இத்தனை நாள் நினைச்சேன்" என்றார்.

"அடைச்சிருந்தாலும் சொட்டாது" என்றார் மெய்யம்மை.

நாச்சிமுத்து அந்த டம்ளரில் தண்ணீர் பிடித்து ஆசிரியைக்குக் கொடுத்தார். தானும் ஒன்றில் எடுத்துக்கொண்டார். குடித்து முடித்ததும் என்ன செய்வதென்று தெரியாதவர்போல நின்றார். முகம் வாடியது.

"மத்தியானத்துல இருந்து பேசித் தீர்த்துட்டேனுங்க. இத்தனை வருஷம் காப்பாத்தி வெச்ச மௌனம் இன்னிக்குப் போயிருச்சே அம்மா."

"போனது போகட்டும். அது இருந்த இடத்துல இப்ப என்ன இருக்கு? பாத்துச் சொல்லுங்க."

நாச்சிமுத்து தரையில் உட்கார்ந்தார். வெகுநேரம் பேசாமல் இருந்தார்; இந்தத் தடவை உள்ளே எதுவும் அடைத்திருக்கவில்லை. மெய்யம்மையும் கேட்கவில்லை.