பாலத்து முள்

சேர்மன் அம்மா பூங்காவைப் பார்வையிட வருகிறார் என்று சேதி வந்ததிலிருந்து யாருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. நடைபாதை நடுவே ஓடைமேல் ஒரு மரப்பாலம். பலகை உளுத்து, முந்தாநாள் ஒருத்தர் கால் உள்ளே போய்விட்டது. அதனால் தோட்டக்காரி அங்கம்மா வேலமுள்ளை வெட்டிப் போட்டு வழியை அடைத்திருந்தாள்.

இன்ஜினியர் குணசீலன் ஓடிவந்து கத்தினார். "அசிங்கமா என்னடி இது? பாலம் இன்னும் பத்து வருஷம் தாங்கும். முள்ளை எடுக்கிறியா, வேலையை விட்டுப் போறியா?"

"இதோ எடுத்துடுறேன் சார்."

எடுத்து ஓரமாகப் போட்டாள். சேர்மன் அம்மா வந்து இறங்கியதும் முதல் ஆளாகப் போய்க் கும்பிட்டாள்.

"அம்மா, இந்தப் பாலம் பத்து வருஷம் தாங்கும்னு சார் சொல்றாங்க. நடுப்பாலத்துல நின்னு ரெண்டு பேரும் போட்டோ எடுத்துக்குங்கம்மா, நல்லா இருக்கும்."

"எடுத்துக்கலாமே! இன்ஜினியர், நீங்க முன்னாடி போங்க."

குணசீலன் பாலத்தருகே போய் நின்றார். கால் எழவில்லை.

"வேண்டாம்மா... பலகை உளுத்துப்போச்சு."

"அப்புறம் ஜனங்களை எப்படி நடக்க விட்டீங்க?"

குணசீலன் குனிந்து, தன் கையாலேயே முள்ளை இழுத்துவந்து வழியில் போட ஆரம்பித்தார்.

அங்கம்மா பக்கத்தில் வந்து நின்றாள்.

"நெருக்கமாப் போடுங்க சார். பத்து வருஷம் தாங்கணும்ல?"