பூசணிப் பூவுக்கு மாப்பிள்ளை

ஊசிக்குளத்தில் மூளைக்குப் பஞ்சமில்லை. அதை எடுத்துச் செலவழிக்கத்தான் யாருக்கும் மனசு வராது. அந்த ஊரிலேயே பெரிய சிக்கனக்காரர்கள் மாசானம், இசக்கி, புலமாடன் என்ற அண்ணன் தம்பிகள்.

அம்மன் கோவில் கொடைத் திருவிழாச் சாம்பாருக்கு வேண்டிய பூசணிக்காய் முழுவதையும் தாங்களே தருவதாக ஊர்க்கூட்டத்தில் வாக்குக் கொடுத்தார்கள். கொடுத்த பிறகுதான் விதையே போட்டார்கள். கொடி செழித்தது, மஞ்சள் மஞ்சளாகப் பூத்துத் தள்ளியது. விதை தந்த தோட்டக்கலை ஆபீஸ் ஜெபமணி அம்மா அந்தப் பக்கம் போகும்போது, "பூவைப் பத்திரமாப் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவ்வளவுதான். மூவரும் ஆளுக்கொரு துண்டோடு காவல் நின்றார்கள். ஒரு தேனீயை அண்டவிடவில்லை. வண்ணத்துப்பூச்சி வந்தால் மட்டும், "யாரு வீட்டுப் புள்ளலே நீ?" என்று மரியாதையாக விசாரித்துவிட்டு விரட்டினார்கள். பூவெல்லாம் பத்திரமாக வாடி, பத்திரமாக உதிர்ந்தது. காய் ஒன்றுகூட நிற்கவில்லை.

கொடைக்கு ரெண்டு மாசமே இருக்கவும் பயந்துபோய் ஆபீசுக்கு ஓடினார்கள்.

ஜெபமணி அம்மா பொறுமையாக விளக்கினார். "பூசணியில ஆண் பூ வேற, பெண் பூ வேற. ஒல்லிக் காம்புல, நடுவுல மகரந்தத் தூளோட நிக்கது ஆண் பூ. பூவுக்கு அடியில குட்டிக் காய் மாதிரி உருண்டையா இருந்தா அது பெண் பூ. ஆண் பூவோட தூள் பெண் பூவோட நடுவுல இருக்க சூல்முடியில படணும். தேனீ வரலைன்னா, காலையிலேயே நீங்களே ரெண்டையும் சேத்து வைங்க. காய் பிடிக்கும்."

திரும்பும் வழியில் இசக்கி கேட்டான். "சேத்து வைக்கதுன்னா என்னண்ணே?"

"கல்யாணம்தாம்லே" என்றான் மாசானம்.

மறுநாள் தோட்டத்தில் புதிதாகப் பூத்திருந்த ஒரு பெண் பூவைக் குனிந்து பார்த்த புலமாடன் குரலைத் தாழ்த்தினான். "அண்ணே, அடியில உருண்டையா இருக்கு. இப்பவே இருக்கு."

மூவரும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"கல்யாணத்துக்கு முந்தியேவா?"

"சத்தம் போடாதலே. ஊருக்குத் தெரியதுக்குள்ள முடிச்சிரணும்."

பக்கத்திலேயே ஓர் ஆண் பூ நிமிர்ந்து நின்றது. இசக்கி கையை நீட்டியதும் மாசானம் தட்டிவிட்டான். "ஒரே கொடியில பொறந்தது. அண்ணன் தங்கச்சி முறை. அறிவிருக்கா ஒனக்கு?"

"இல்லண்ணே" என்று இசக்கி உள்ளதைச் சொன்னான்.

எனவே அசலூருக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனார்கள். அங்கே தோட்டம் வைத்திருந்த செல்லக்கிளி, "ஆண் பூதானே? எம்புட்டு வேணும்னாலும் பறிச்சுக்கோங்க. நாங்க பஜ்ஜி போட்டுத் திங்கோம்" என்றாள்.

மூவருக்கும் கண் கலங்கியது. "இப்படிப்பட்ட வீட்ல எப்படித்தான் வளந்தாரோ!"

வாட்டசாட்டமான ஒரு பூவைப் பறித்துத் தாம்பாளத்தில் வைத்து, மேளம் பிடித்து, தெருத்தெருவாக நிறுத்தி ஊர்வலம் கொண்டுவந்தார்கள். தோட்டத்துக்கு வந்து சேரும்போது உச்சி வெயில். இரண்டு பூவும் சுருண்டு மூடிக்கொண்டன.

"மாப்பிள்ளை வாயே தொறக்க மாட்டேங்காரே!"

"பொண்ணும் மூஞ்சியை மூடிட்டாளே!"

மாசானம் நெடுநேரம் யோசித்தான். "ரெண்டு பேருக்கும் சம்மதம்லே. வெக்கப்படுதாவ."

கெட்டிமேளம் முழங்க மஞ்சள் கயிற்றைக் கட்டினான். முடிச்சு இறுகியதும் பெண்ணின் கழுத்து ஒடிந்தது. சாவு விழுந்த துட்டி வீடு என்று மூவரும் கதவைச் சாத்திக்கொண்டு பல நாள் தோட்டப் பக்கமே போகவில்லை.

துண்டு வீச ஆளில்லாத தோட்டத்தில் தேனீக்கள் நிம்மதியாக வேலை பார்த்தன. துக்கம் ஆறி மூவரும் திரும்பி வந்தபோது இலைக்கு இலை பூசணிக்காய் படுத்துக் கிடந்தது.

இசக்கிக்கு மயக்கம் வந்தது. "எல்லாத்துக்குமாண்ணே? மாப்பிள்ளை யாருன்னே தெரியலையே!"

"கொடைக்கு வெட்டிருவமா?" என்றான் புலமாடன்.

"புள்ளத்தாச்சியை வெட்டுவியாலே? பொறந்து, தீட்டுக் கழியாம சாமி காரியத்துக்கு எப்படிக் கொடுக்க?"

அந்த வருசக் கொடையில் முருங்கைக்காய் சாம்பார்தான். ஊரே திட்டியது. மூவரும் காதில் வாங்கவில்லை. அவர்களுக்கு வேறு கவலை.

"தலைப்பிரசவம் எங்கண்ணே பாக்கது?"

"தாய் வீட்லதான்."

"தாய் வீடு எது?"

"விதை தந்த ஆபீசுதாம்லே!"

மறுநாள் காலை ஜெபமணி அம்மா வந்தபோது ஆபீஸ் வாசலில் ஒரு மாட்டுவண்டி நின்றது. வண்டி நிறையப் பூசணிக்கொடி. காய்க்குக் காய் சந்தனம், குங்குமம், கண்ணாடி வளையல். பக்கத்தில் மூவரும் கைகட்டி நின்றார்கள்.

"அடப் பாவிகளா, வேரோடயா பிடுங்கினீங்க?" என்று அலறினார் அவர்.

மாசானத்துக்கு மனசு நொந்துவிட்டது.

"பின்ன என்னம்மா? நெறமாசக்காரிய இம்புட்டுத் தூரம் நடக்கவா விடச் சொல்லுதிய?"