ஸ்டெப்னிக்குள் ஓடிய கையிருப்பு

வழக்கு ஒன்று சொல்கிறேன். வாதி, பிரதிவாதி இருவருமே லாரிக்காரர்கள். தீர்ப்பு உங்கள் பொறுப்பு. ஆகவே வழியில் கிடப்பதையெல்லாம் பொறுக்கிக்கொண்டே வாருங்கள்.

சங்ககிரிச் செங்கோடனுக்கு ஒரே லாரி. முதலாளியும் அவர்தான், டிரைவரும் அவர்தான். அதற்கு முன் வேறொரு லாரி இருந்தது. தவணை தவறியதால் ஃபைனான்ஸ்காரர்கள் நடுரோட்டில் மறித்து, லோடோடு ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சோற்றுத் தூக்குப்போசியைக் கையில் பிடித்தபடி சாலையோரம் நின்ற அந்த மதியத்தில் அவர் வயிற்றுக்குள் ஒரு பயம் குடிவந்தது. பிறகு காலி செய்யவே இல்லை.

இந்த லாரியை வாங்கியதிலிருந்து, டீசலும் தவணையும் போக மிஞ்சுவதில் கொஞ்சம் ஒதுக்கினார். வண்டி படுத்துவிட்டால் தவணை கட்ட அந்தப் பணம். எங்கே வைப்பது? வங்கியில் போட்டால் தன் கையே சும்மா இருக்காது. வீட்டில் வைத்தால் மச்சான் மோப்பம் பிடிப்பான். யோசித்து யோசித்து, ஸ்டெப்னி டயரைப் பிரித்து, நோட்டுக்கட்டைப் பாலிதீனில் சுற்றி, டியூபுக்கும் டயருக்கும் நடுவே செருகி, காற்றடித்து மாட்டிவிட்டார். வண்டி நின்றால்தான் ஸ்டெப்னி இறங்கும். வண்டி நின்றால்தானே பணமும் வேண்டும்? இப்படியொரு மூளை தனக்கு இருப்பதை மனைவி பாவாயியிடம்கூடச் சொல்லாமல் மறைத்துக்கொண்டார்.

ஒன்றை மட்டும் மறந்துவிட்டார். மலைப்பாதையில் ஒரு லாரிக்காரன் ஸ்டெப்னி கேட்டால் இன்னொரு லாரிக்காரன் இல்லையென்று சொல்வதில்லை. வாங்கியவன் அடிவாரத்தில் முதல் பஞ்சர் கடையில் நிறுத்தித் திருப்பித் தந்துவிட வேண்டும். எழுதாத சட்டம் அது.

ஒருநாள் செங்கோடன் நாசிக் வெங்காயத்தோடு தொப்பூர்க் கணவாயில் இறங்கிக்கொண்டிருந்தார். அந்த இறக்கத்தில் காக்கைகூடப் பிரேக் பிடித்துத்தான் பறக்கும். நான் பார்த்ததில்லை, பார்த்த காக்கையைத் தெரியும். வளைவில் ஒரு லாரி பின் டயர் வெடித்துச் சாலையை அடைத்து நின்றது. மாதேஷ் என்ற ஓசூர்க்காரன் ஓடிவந்தான்.

"அண்ணா, ஸ்டெப்னி குடுங்க. என்னோடது நேத்தே போச்சு. மேலருந்து எவனாச்சும் பிரேக் புடிக்காம வந்தா ரெண்டு பேருமே சட்னி."

செங்கோடன் ஸ்டெப்னியைத் திரும்பிப் பார்த்தார். உள்ளே பணம் இருக்கிறது என்று முன்பின் தெரியாதவனிடம் எப்படிச் சொல்வது? மேல் வளைவில் ஒரு ஹாரன் விடாமல் அலறியது. பிரேக் கருகும் வாடை வந்தது. அவர் கை தானாகவே ஸ்டெப்னியைக் கழற்றியது.

"டயர்ல ஏதாச்சும் வெவகாரம் இருக்குங்களாண்ணா? பாத்து ஓட்டணுமா?"

"ஒண்ணுமில்ல. டயர் டயராட்டந்தான் இருக்குது. கீழ மொதப் பஞ்சர் கடையில நிறுத்தீரு."

சக்கரத்தை மாட்டும்போது மறுபடி சொன்னார். மாதேஷ் வண்டியில் ஏறும்போது இன்னொரு முறை சொன்னார். ஆள் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துகொள்ள, "வண்டி எந்த ஃபைனான்ஸு? தவணையெல்லாம் ஒழுங்காக் கட்டறயா?" என்றும் கேட்டுவைத்தார்.

மாதேஷின் முகம் வெளுத்துப்போனது. திருட்டு முழி என்று செங்கோடன் நினைத்துக்கொண்டார்.

முன்னால் போகும் அந்தச் சக்கரத்தைவிட்டு அவர் கண் நகரவில்லை. அது சுற்றச் சுற்ற, உள்ளே நோட்டு அரைபடுவது அவர் குடலில் கேட்டது. அடிவாரம் வந்தது. பஞ்சர் கடையும் வந்தது. மாதேஷ் நிறுத்தவில்லை. செங்கோடன் ஹாரன் அடித்தார், விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தார். அவர் அடிக்க அடிக்க அவன் வேகம் கூடியது. பழைய லாரி கண்ணெதிரே போனதுபோலவே இதுவும் போயிற்று. மூட்டைக்குள் வெங்காயமே அழுதிருக்கும்.

ஓமலூர்ச் சுங்கச்சாவடி வரிசையில்தான் அவன் மாட்டினான். கீழே குதித்தவன் கைகூப்பினான்.

"அண்ணா, ரெண்டு தவணைதான் பாக்கி. வண்டிய மட்டும் எடுத்தறாதீங்க."

"என்னை யாருன்னு நெனச்ச?"

"அங்கயே நிறுத்து, அங்கயே நிறுத்துன்னீங்க. ஃபைனான்ஸும் கேட்டீங்க. வண்டியப் புடிக்கக் கடையில ஆளப் போட்டு வெச்சிருக்கீங்கன்னு நெனச்சுட்டேன்."

பக்கத்துப் பஞ்சர் கடையில் சம்சு பாய் டயரைப் பிரித்தார். சில நோட்டுகள் முழுசாக வந்தன, சில கிழிசலாக. மற்றதெல்லாம் கருகிய மிளகாய்த்தூள்போலக் கொட்டியது. செங்கோடன் தரையில் உட்கார்ந்துவிட்டார். வண்டி இனி ஒரு மாதம் படுத்தால், மறுபடி தூக்குப்போசியோடு நிற்க வேண்டியதுதான்.

"மொதக் கடையில நிறுத்தியிருந்தா இத்தன அரைஞ்சிருக்காது," என்றார். "பாதி நட்டம் உன்னோடது."

"டயர்தானுங்கண்ணா கேட்டேன், உண்டியலா கேட்டேன்? ஒண்ணுமில்லன்னு நீங்கதான சொன்னீங்க? ஒரு காசும் தர மாட்டேன்."

சம்சு பாய் சுத்தியலைக் கீழே வைத்தார். "அவரு ஸ்டெப்னி குடுக்கலன்னா நீ இங்க நின்னு பேச மாட்டே தம்பி. முழு நட்டமும் உன்னோடதுதான்."

மூன்று பேர், மூன்று கணக்கு. இப்போது சொல்லுங்கள்: இதில் யார் சொன்னது சரி?

மாதேஷ் சொன்னதே சரி. உயிர் காத்ததற்கு விலை போட்டால் நாளைக்கு மலையில் எவனும் ஸ்டெப்னி கேட்கவே அஞ்சுவான். ஆகவே பாய் கணக்குத் தள்ளுபடி. கடையில் நிறுத்தாதது மாதேஷின் குற்றம்தான். ஆனால் அவனை நிறுத்தவிடாமல் விரட்டியது செங்கோடனின் வாயும் ஹாரனும். கேட்டபோது உள்ளதைச் சொல்லியிருந்தால், பணம் அடிவாரத்திலேயே இறங்கியிருக்கும். செங்கோடனும் கடைசியில் இதே தீர்ப்புக்கு வந்து, அங்கிருந்தே பாவாயிக்குப் போன் போட்டு, எல்லாவற்றையும் சொன்னார். அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு, "வண்டி உங்ககிட்டத்தான இருக்குது? வெங்காயத்த எறக்கீட்டு ஊடு வாங்க. மீதியப் பொறவு பேசிக்கலாம்," என்றாள். கணவாய், ஃபைனான்ஸ், அரைபட்ட நோட்டு எல்லாம் செங்கோடனுக்கு மறந்துபோயின. சங்ககிரி வரைக்கும் அந்தப் "பொறவு"தான் அவரை விரட்டிக்கொண்டே வந்தது.