நாய்க்கு நிழல் சுமந்த மூவர்

ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு கொடி, ஒரு பெட்டி, ஒரு முட்டாள் உண்டு. எங்கள் வெள்ளோடை உப்பளத் தொழிலாளர் சங்கத்துக்குக் கொடி ஒன்று, பெட்டி ஒன்று, முட்டாள்கள் மூன்று. சுயம்பு, எஸ்தாக்கி, பட்டுராஜ் என்று பெயர். மூவரும் உழைப்பாளிகள், நேர்மையானவர்கள், சொன்னதைச் செய்பவர்கள். சொன்னதை மட்டுமே செய்பவர்கள் என்பதில்தான் எல்லாக் கேடும் வந்தது.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். பாத்தியில் உப்பு வாரும் சனம் மதியம் அரை மணி நேரம் ஒதுங்க ஒரு கூரை. பதினோரு ஆண்டுகளாக அதைக் கேட்டுத் துண்டறிக்கை எழுதியவன் நான். அச்சுப்பிழை இல்லாத அறிக்கைகள். கம்பெனி மேனேஜர் அவற்றில் வடை மடித்துத் தின்றார்.

அந்தச் சித்திரையில் வேலைநிறுத்தம் தொடங்கியது. சங்கச் செயலாளர் செல்லக்கனி அக்கா சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார். பதினைந்து நாள் சிறை என்றார்கள். போலீஸ் வண்டியில் ஏறும்போது அக்கா கோரிக்கையைப் பற்றிப் பேசுவார் என்று நான் தாளும் பேனாவுமாக நின்றேன். அவர் தம் நாயைப் பற்றிப் பேசினார்.

"ஏலே சுயம்பு! நுரைய பாத்துக்கிடுங்கல. நான் திரும்பி வரும்போது அது உடம்புல ஒரு முடி குறையாம இருக்கணும். குறைஞ்சுச்சு, மூணு பேரும் சங்கத்துல கிடையாது!"

நுரை என்பது அந்த நாயின் பெயர். பழைய மேனேஜர் மாற்றலாகிப் போகும்போது விட்டுவிட்டுப் போன சடைநாய். வெள்ளை வெளேரென்று, பனிமலைக்குப் போகவேண்டியது வழிதவறி உப்பளத்துக்கு வந்தது போல இருக்கும்.

சங்கத்தில் கிடையாது என்றதும் மூவருக்கும் வேர்த்துவிட்டது. சுயம்புவுக்கும் பட்டுராஜுக்கும் உலகத்தில் தங்கள் பெயர் எழுதியிருந்த ஒரே காகிதம் சங்க அட்டைதான். எஸ்தாக்கிக்குக் கல்யாணப் பத்திரிகையிலும் பெயர் இருந்தது; ஆனால் அதைப் பிழையாக அச்சிட்டிருந்தார்கள்.

உடனே நாய்க் குழு கூடியது. சுயம்பு தலைமை தாங்க, எஸ்தாக்கி முன்மொழிய, பட்டுராஜ் வழிமொழிந்தான். அந்த மூவரும் தீர்மானம் போடாமல் தும்மக்கூட மாட்டார்கள்.

முதல் நாள் கடல்காற்று நின்றுபோய் ஊரே இட்லிப் பானைக்குள் உட்கார்ந்தது போலப் புழுங்கியது. நுரை நாக்கைத் தொங்கவிட்டு இரைத்தது.

"நாக்கு வெளிய வந்துட்டே" என்றான் எஸ்தாக்கி.

சுயம்பு குனிந்து நாக்கைப் பார்த்தான். "அக்கா குறையக் கூடாதுன்னுதான் சொன்னா. நீளக் கூடாதுன்னு சொல்லல. நாக்கு விஷயத்துல நம்ம மேல குத்தமில்ல."

ஆனாலும் பயந்து, நாயை ஆட்டோவில் ஏற்றிக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். டாக்டரம்மா நல்ல மனுஷி. பொறுமையாகச் சொன்னார்.

"தினமும் சீப்பு போட்டு வாருங்க அண்ணே. உதிர்ந்த முடி உள்ள சிக்கினா காத்தே போகாது. இந்தப் புழுக்கத்துல தோல் புண்ணாயிடும். அதுக்காக மொட்டையடிச்சிடாதீங்க, வெயில் நேரா தோல்ல படும். குடிக்கத் தண்ணி எப்பவும் பக்கத்துலயே இருக்கணும். பகல்ல நிழலை விட்டு நகத்தாதீங்க. நடக்க விடுறதுக்கு முன்னாடி புறங்கைய ரோட்டுல வச்சு பத்து எண்ணிப் பாருங்க. உங்க கைக்குச் சுட்டா அது காலுக்கும் சுடும்."

மூவரும் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலைப் பார்த்துத்தான் இதுவரை பலர் ஏமாந்திருக்கிறார்கள்.

வெளியே வந்தபோது ஆட்டோ இல்லை. சுயம்பு குனிந்து புறங்கையைச் சாலையில் வைத்துப் பத்து எண்ணினான். மாலை நேரம், சூடு ஆறியிருந்தது. நாய் ஓர் அடி வைத்தது.

"நில்லு" என்றான் எஸ்தாக்கி. "இது அடுத்த இடம். இதை நாம சோதிக்கவே இல்லையே."

அடுத்த அடிக்கும் பத்து எண்ணினார்கள். அதற்கடுத்த அடிக்கும். மூன்று பேர் மாறி மாறிக் குனிவது நேரமாகிறது என்று, மூவரும் மண்டியிட்டு வரிசையாகக் கையை ஊன்றி எண்ணிக்கொண்டே நகர்ந்தார்கள். பின்னால் நாய், முன்னங்காலைத் தூக்கியபடி ஆசீர்வதிப்பது போல வந்தது.

பஜாரில் பூக்காரி முதலில் பார்த்தாள். "என்ன வேண்டுதல்?" என்றாள்.

"ஒரு முடி குறையாம இருக்கணும்" என்றான் பட்டுராஜ், உண்மையாக.

அவள் புருஷனுக்கு வழுக்கை விழத் தொடங்கியிருந்த காலம். ஒரு முழம் மல்லிகையை நாய் கழுத்தில் போட்டுக் கும்பிட்டாள். சங்க அலுவலகம் வந்து சேர்வதற்குள் நாய்க்கு நான்கு மாலை, பின்னால் நாற்பது பேர். இன்றும் பஜார் திருப்பத்தில் மஞ்சள் துணி சுற்றிய ஒரு கல் இருக்கிறது. வழுக்கைக்காரர்கள் சுற்றி வருகிறார்கள். மூடநம்பிக்கையை எதிர்த்து நான் எழுதிய பதினாறு பக்க வெளியீடு அதற்கு எதிர்க்கடையில்தான் விற்பனைக்கு இருக்கிறது. அட்டை மட்டும் வெளுத்திருக்கிறது.

மறுநாள் காலை சீப்பு போட்டார்கள். ஒரே இழுப்பில் ஒரு பிடி முடி வந்தது. மூவரும் அதை வெறித்துப் பார்த்தார்கள்.

"வாரலேன்னா புண்ணு" என்றான் எஸ்தாக்கி.

"வாரினா அட்டை போச்சு" என்றான் பட்டுராஜ்.

குழுத் தலைவன் சுயம்பு தீர்ப்புச் சொன்னான்: "வாரணும்னு டாக்டர் சொன்னாங்க, வாருவோம். குறையக் கூடாதுன்னு அக்கா சொன்னா, திரும்ப ஒட்டிருவோம்."

இதுவரை வேறெந்த ஊர் முட்டாளுக்கும் தோன்றாத யோசனை இது. ஆனால் இவர்கள் இருபது வருடமாகச் சங்கச் சுவரொட்டி ஒட்டுபவர்கள். மைதாப் பசை காய்ச்சுவதில் இந்த மாவட்டத்திலேயே எஸ்தாக்கியை அடிக்க ஆளில்லை. காய்ச்சினார்கள், ஆறவைத்தார்கள், விளக்குமாற்றால் நாய்க்குப் பூசி, முடியைப் பரப்பி, நீவி ஒட்டினார்கள். பழக்கதோஷத்தில் பட்டுராஜ் மேலே ஒரு சுவரொட்டியையும் ஒட்டிவிட்டான். "நிழல் எங்கள் உரிமை" என்று விலாவில் எழுதிக்கொண்டு நாய் நின்றது.

புழுக்கத்தில் பசை காயவில்லை. காயும்வரை நாயை வேலியோரம் நிறுத்தினார்கள். சுவரொட்டி எங்கே பசையோடு இருந்தாலும் அங்கே வந்துவிடும் டீக்கடை இசக்கியம்மாளின் ஆடு. வந்தது. உரிமையைத் தின்றது, பசையைத் தின்றது, முடியையும் சேர்த்து நக்கித் தின்றது. நுரைக்குச் சொரிந்துவிட்டது போல இருந்திருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு சுகமாக நின்றது. ஆடு நகர்ந்தபோது நாய் பளபளவென்று, சிக்கெல்லாம் நீங்கி, காற்று உள்ளே போக இருந்தது; இதைவிட நன்றாக எந்த டாக்டரும் செய்திருக்க முடியாது.

பட்டுராஜ் அழுதுவிட்டான். "அட்டை போச்சுண்ணே. ஆட்டு வயித்துல போச்சு."

"எங்க போச்சு?" என்றான் சுயம்பு. "ஆட்டுக்குள்ளதான இருக்கு? குறையலையே. இடம் மாறியிருக்கு, அவ்வளவுதான். நாயையும் ஆட்டையும் சேர்த்து ஒப்படைச்சா முடி முழுசா இருக்கும்."

ஆட்டைக் கட்டிப் போட்டார்கள். இசக்கியம்மாள் கரண்டியோடு வந்தாள்.

"எதுக்குல என் ஆட்டைக் கட்டி வச்சிருக்கீய?"

"அதுக்குள்ள சங்கத்துச் சாமான் இருக்கு மதினி."

விஷயத்தைக் கேட்டு அவள் சிரித்த சிரிப்பில் டீ பொங்கி அடுப்பு அணைந்தது. "அட கூறுகெட்ட பயலுவளா, நாளைக்குப் புழுக்கையா வெளிய வந்துருமேல!"

புழுக்கையைப் பிடிக்க எஸ்தாக்கி ஒரு பையைத் தேடி ஓடினான். அன்றிலிருந்து ஆட்டுக்குப் பின்னால் ஒரு பையும் நின்றது.

இனி நிழல். சங்க அலுவலகம் தகரக் கூரை. உள்ளே வடகம் பொரியும். வாசலில் ஒரு பூவரசு. அதன் நிழலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு நாயை வைத்தார்கள். நிழல் நகர்ந்தது; கட்டிலைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார்கள். பட்டுராஜ் தண்ணீர்ச் சட்டியோடு நாயின் பக்கத்திலேயே, அதாவது அதன் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில், நாள் முழுக்க நின்றான். ஆடும் பையும் பின்னால்.

மாலை நாலு மணிக்கு நிழல் கிழக்கே நீண்டு, முள்கம்பி வேலியைத் தாண்டி, கம்பெனி மண்ணில் விழுந்தது.

இங்கேதான் பெரிய சிக்கல். கோரிக்கை நிறைவேறும்வரை கம்பெனி மண்ணை மிதிப்பதில்லை என்று சங்கம் தீர்மானம் போட்டிருந்தது. நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

"மிதிச்சா துரோகி" என்றான் எஸ்தாக்கி.

"மிதிக்கலேன்னா நாய் வெயில்ல" என்றான் பட்டுராஜ்.

சுயம்பு வானத்தைப் பார்த்தான், மண்ணைப் பார்த்தான். "கம்பெனி மண்ணத்தான மிதிக்கக் கூடாது? நம்ம மண்ண மிதிக்கலாம்ல?"

ஆளுக்கொரு கூடை எடுத்தார்கள். சங்க வாசலில் மண்ணை வெட்டி, வேலி இடுக்கு வழியாகக் கம்பெனி நிலத்தில் கொட்டிப் பரப்பி, அதன் மேல் மட்டும் கால் வைத்து, கட்டிலோடும் நாயோடும் சட்டியோடும் ஆட்டோடும் உள்ளே போனார்கள். நிழல் நகர நகர இன்னும் மண் கொட்டினார்கள்.

மேனேஜர் ஜன்னலில் பார்த்துவிட்டு, ஒரு காலில் மட்டும் செருப்போடு ஓடி வந்தார்.

"என்னய்யா பண்றீங்க?"

"நம்ம மண்ணைப் போட்டு நம்ம மண்ணுல நிக்கோம்."

"இது கம்பெனி நிலம்!"

"அடியில கம்பெனி. மேல சங்கம்."

மேனேஜரின் முகம் வெளுத்தது. "எப்போ போவீங்க?"

"நிழல் போனா போயிருவோம்."

"நாளைக்கு?"

"நாளைக்கும் நிழல் வருமே" என்றான் சுயம்பு, ஆறுதலாக. "வைகாசிலயும் வரும்."

"அந்த மரத்தையே வெட்டிப் போட்டா?"

மூவரும் இதைத் தனியாகப் போய்க் கலந்து பேசித் திரும்பி வந்தார்கள். "வெட்டுங்க. அடுத்த பெரிய நிழல் உங்க பங்களாவுதான்."

மேனேஜர் மண் கூடையைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார், அதன் பின்னால் பையைப் பிடித்துக்கொண்டிருந்த எஸ்தாக்கியைப் பார்த்தார். இப்படியொரு போராட்டம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. சிறையிலிருந்தபடியே செல்லக்கனி வகுத்த திட்டமாகத்தான் இருக்கவேண்டும் என்று முடிவு செய்தார். அன்றே முதலாளிக்குப் போன் போட்டார்: "இன்னும் பத்து நாள் விட்டா ஆபீசுக்கு அடியில மட்டும்தான் சார் நம்ம நிலம் இருக்கும்."

பத்து நாளில் உப்பளத்தின் நடுவே கூரை எழுந்தது. இரும்புத் தூண், ஓலை வேய்ந்த கூரை, குடிதண்ணீர்த் தொட்டி. பதினோரு ஆண்டு. நாற்பத்தாறு துண்டறிக்கை. சரி, போகட்டும்.

பதினாறாம் நாள் மாலை அக்கா வெளியே வந்தார். நேராக உப்பளத்துக்கு அழைத்துப் போனோம். நுரை ஓடிவந்து அவர் மேல் தாவியது. புண் இல்லை, உண்ணி இல்லை, ரோமம் பட்டாக இருந்தது. சுயம்பு முன்னால் வந்து, ஆட்டுக் கயிற்றை ஒரு கையிலும் பையை மறுகையிலும் நீட்டினான்.

"நாய்ல இருக்கிறது போக மீதி ஆட்டுல. ஆட்டுல இல்லாதது பையில. ஒரு முடி குறையல அக்கா. அட்டைய பிடுங்கிராத."

அக்கா பைக்குள் பார்த்தார். கூரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார், நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். பிறகு அந்தப் பெரிய பெண்பிள்ளை தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"போங்கல! சாகுற வரைக்கும் நீங்க சங்கத்துலதான். போய் நிழல்ல உக்காருங்க."

உத்தரவு கிடைத்த மகிழ்ச்சியில் மூவரும் ஓடினார்கள். நாங்கள் எல்லோரும் கூரைக்குக் கீழே அமர்ந்து டீ குடித்தோம். கொஞ்ச நேரம் கழித்து அக்கா, "எங்க அவனுவள காணோம்?" என்று கேட்டார்.

வெயில் சாய்ந்திருந்தது. கூரையின் நிழல் கிழக்கே நீண்டு உப்புப் பாத்திக்குள் விழுந்திருந்தது. அதன் நடுவில், கணுக்கால் ஆழ உப்புத் தண்ணீரில், மூன்று பேரும் கயிற்றுக் கட்டிலைத் தலைமேல் தூக்கிப் பிடித்தபடி நின்றார்கள். கட்டில் மேல் ஆடு அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"ஏலே, கூரைக்குக் கீழ வாங்கல!" என்று அக்கா கத்தினார்.

"அது கூரைதான அக்கா!" என்று சுயம்பு அங்கிருந்தே பதில் கொடுத்தான். "நிழல் இங்கல்லா கிடக்கு!"

"அந்த ஆட்டை எதுக்குல சுமக்கீய?"

"அதுக்குள்ள நுரை முடி இருக்குல்லா! நிழலை விட்டு நகத்தக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க!"

நுரை கூரைக்குக் கீழே, அக்காவின் காலடியில், முன்னங்கால் மேல் தலையை வைத்துப் படுத்து, மூவரையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது. நிழல் இன்னும் நீண்டது. அவர்கள் கடலை நோக்கி ஓர் அடி நகர்ந்தார்கள்.