கடமானும் வெள்ளைக் கோடும்

சுனைக்குப் போகும் ஒற்றையடிப் பாதையின் இருபுறமும் மூங்கில் புதர்கள். அவற்றுக்கு நடுவே பொன்வரி என்ற சிலந்தி வலை கட்டிக் குடியிருந்தாள். வலையின் ஓரத்தில் அவள் கணவன் குறுங்காலன் ஒண்டியிருந்தான். அவள் தலையளவுதான் இருப்பான்.

இவர்கள் குலத்தில் ஒரு சிக்கனம் உண்டு. பழைய வலையைத் தின்றுதான் புதிய வலைக்கு நூல் சேர்ப்பார்கள். பொன்வரிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. விடிந்ததும் ஒரு கடமான் தண்ணீர் குடிக்க வரும். வலையை அப்படியே கொம்பில் வாரிக்கொண்டு போய்விடும்.

"குருட்டுப் பயலே! உன் கொம்பு முறிய!" என்று பொன்வரி கத்துவாள். மான் காதை ஆட்டிவிட்டு நடக்கும். அவள் பெருமூச்சு விட்டு, மறுபடி முதல் இழையிலிருந்து தொடங்குவாள்.

இப்போது அவள் வயிற்றில் முட்டைகள். அவற்றைப் பொதிந்து வைக்க ஒரு பை நெய்தாக வேண்டும். இல்லாவிட்டால் எறும்புகள் விட்டுவைக்காது. உடம்பிலோ நூல் ஏறக்குறைய வற்றிவிட்டது.

"அம்மணி, வேறு இடம் பார்க்கலாமே?" என்றான் குறுங்காலன். அவன் எப்போதும் மரியாதையாகத்தான் பேசுவான். பசித்த சிலந்தியின் கணவனுக்கு மரியாதைதான் ஆயுள்.

"ஈக்கள் இங்கேதான் வருகின்றன. வேறெங்கும் நடக்க எனக்குத் தெம்பில்லை, ஓய்!"

"அப்படியானால் வலை நடுவே தடிமனாக ஒரு வெள்ளைக் கோடு போடுங்கள். மானுக்குத் தெரியட்டும்."

"தெரிகிற வலையில் எந்தப் பூச்சி விழும்? கண்ணுக்குத் தெரியாமல் நெய்வதல்லவா என் பெருமை!"

"பெருமையில் முட்டையைப் பொதிய முடியுமா, அம்மணி?" என்று கேட்டுவிட்டு, அவன் சட்டென்று இலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

துரத்தப் பொன்வரிக்குத் தெம்பில்லை. மறுத்துப் பேசவும் தெம்பில்லை. மிச்சமிருந்த நூலில் வலையைக் கட்டி, நடுவே கோணல்மாணலாக ஒரு வெள்ளைக் கோடும் இழுத்தாள். இதுவும் போனால் எல்லாம் போனது.

விடிந்தது. கடமான் வந்தது. நின்றது.

"அட! இங்கே ஒரு வீடா?"

"இத்தனை நாள் இடித்தது நீதானே, தடியா!"

"நானா? கொம்பில் தினமும் ஒட்டடை ஒட்டுகிறதே, இந்தக் காட்டில் சுத்தமே இல்லை என்று நான் அலுத்துக்கொண்டிருந்தேன்!"

"ஒட்டடையா! நான் கத்தியதாவது கேட்கவில்லையா?"

"கேட்டது, தாயே. கொசு என்று நினைத்தேன்!"

மான் கொம்பைச் சாய்த்துக்கொண்டு புதரைச் சுற்றிப் போயிற்று.

கோட்டைக் கண்டு சில ஈக்கள் விலகிப் பறந்தன. பராக்குப் பார்த்தபடி வந்தவை விழுந்தன. அதுவே போதுமாயிருந்தது. மாலையில் பொன்வரி தன் பழைய வலையைத் தானே தின்றாள். அதில் ருசி ஒன்றும் இல்லை. அவளுக்கு அது விருந்தாயிருந்தது. பிறகு பை நெய்து முட்டைகளைப் பொதிந்தாள். சிலந்திக்கு இமை கிடையாது. ஆனாலும் நெடுநாளைக்குப் பிறகு, யாரையும் திட்டாமல், எட்டுக் கண்ணும் சொக்க அயர்ந்தாள்.

கண்ணில் படாமல் வாழ்கிறவர், பிறர் தம்மைக் கண்டுகொள்ளவில்லை என்று நொந்துகொள்வதில் நியாயமில்லை.