ஆவுடையம்மாள் கேட்ட கேள்வி

மருந்துக்கடைக்கு மேல் மாடியில் ஒரு குரு இருந்தார் என்றால் நம்பமாட்டீர்கள். பாளையங்கோட்டையில் இருந்தார். பெயர் நயினார், வயது முப்பது. தாடி கிடையாது, கமண்டலம் கிடையாது. ஒரு வெள்ளைப் பலகையும், எழுதும்போதே மை தீர்ந்துபோகிற நாலைந்து மார்க்கர் பேனாக்களும்தான் சொத்து. நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போக ஆங்கிலத் தேர்வு எழுதுகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது அவர் பிழைப்பு. சீடர்களில் பாதிப்பேர் அவரைவிட மூத்தவர்கள். அவர் அவர்களை அக்கா என்பார். அவர்கள் அவரை சார் என்பார்கள்.

அகராதியை மனப்பாடம் செய்ய அவர் யாரையும் விடமாட்டார்.

"சொல்லப் பிரிங்க," என்பார். "முன்னால ஒட்டுனது எது, பின்னால ஒட்டுனது எது, நடுவுல வேர் எதுன்னு பாருங்க. வேருக்கு மனசுல ஒரு படம் போடுங்க. படம் விழுந்துட்டா செத்தாலும் மறக்காது."

ஜெபசெல்விக்கு இந்த வித்தை பிடித்துப்போனது. பிடித்துப்போனது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பேய் பிடித்த மாதிரி பிடித்தது. அவளுக்கு நாற்பத்துநாலு வயது. எதிர்த்தாற்போல் இருக்கும் ஆஸ்பத்திரியில் நர்ஸாகப் பாதி ஆயுளைக் கழித்தவள். டாக்டர்கள் வாயிலிருந்து விழும் நீளநீளமான சொற்களை இத்தனை வருஷமும் அர்த்தம் தெரியாமலே எழுதிவந்தாள். இப்போது ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டது. ஐட்டிஸ் என்று முடிந்தால் அழற்சி. எக்டமி என்று முடிந்தால் வெட்டி எடுப்பது. ஹைப்பர் என்றால் மிஞ்சிப்போனது, ஹைப்போ என்றால் குறைந்துபோனது.

அதோடு நின்றாளா? பஸ்ஸில் டிரான்ஸ்போர்ட் கார்ப்பரேஷன் என்று எழுதியிருப்பதைப் பார்த்து, டிரான்ஸ் என்றால் அக்கரைக்கு, போர்ட் என்றால் சுமப்பது, கார்ப்பஸ் என்றால் உடம்பு என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கவேண்டிய இடத்தைக் கோட்டைவிட்டாள். சோப்பு உறையைக்கூட விடவில்லை. மருந்துச்சீட்டைக் கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது. படுத்தாலும் தலைக்குள் பிரிப்பதும் ஒட்டுவதுமாக ஓடிக்கொண்டிருக்கும்.

"எம்மா, சோத்தையாவது பிரிக்காம தின்னு," என்றாள் அவள் மகள்.

அன்று மதியம் வகுப்பு பாதியில் இருந்தபோது ஜெபசெல்வி படியேறி வந்தாள். ஏறிவந்த சத்தமே சரியில்லை. சீருடையை மாற்றவில்லை. செருப்பைக் கழற்ற மறந்து உள்ளே வந்துவிட்டாள்.

"சார், ஒரு சொல் வேணும்."

"என்ன சொல்?"

"ஒருத்தங்க மனசுல விழுந்தத வெளிய எடுக்க ஒரு சொல். எந்த பாஷையில இருந்தாலும் சரி."

நயினார் மார்க்கரை மூடினார். "உக்காருங்கக்கா."

அவள் உட்காரவில்லை. பலகைக்கும் சன்னலுக்கும் நடுவில் நடந்துகொண்டே சொன்னாள்.

அவள் வார்டில் ஆவுடையம்மாள் என்று ஒருத்தி. முக்கூடல்காரி, பீடி சுற்றுகிறவள். மார்பில் கட்டி, மறுநாள் காலை ஆபரேஷன். சோதனையில் வந்த முடிவைப் பக்குவமாக எடுத்துச்சொல்ல பெரிய டாக்டர் சாயங்காலம் வருவதாக இருந்தது. அதற்குள் காலையில் வார்டைச் சுற்றிவந்த டாக்டர்கள் அவள் கட்டில் பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். ஆவுடையம்மாள் அதில் ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டாள். அவர்கள் போனதும் ஜெபசெல்வியின் கையைப் பிடித்துக் கேட்டாள்.

"கார்சினோமா. நேத்துதான சார் நீங்க நடத்துனீங்க? வாய் நிக்கல. கார்சினோன்னா நண்டு, ஓமான்னா கட்டின்னு சொல்லிட்டேன். கட்டியச் சுத்தி நரம்பெல்லாம் நண்டுக்கால் மாதிரி பரவியிருக்கத பாத்து அந்தக் காலத்து கிரேக்க வைத்தியருங்க வச்ச பேருன்னு அதையும் சேத்துச் சொன்னேன்."

வகுப்பில் முதல் ஆளாகக் கையைத் தூக்கிப் பதில் சொல்வாளே, அதே உற்சாகத்தோடு சொன்னாளாம். சொல்லி முடித்த பிறகுதான் எதிரில் இருந்த முகத்தைப் பார்த்தாளாம். தன் வாயைத் தானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

"இப்ப நெஞ்சுல கைய வச்சுக்கிட்டு, நண்டு நடக்குது நடக்குதுங்காங்க. கஞ்சியத் தொடல. ஆபரேஷன் வேண்டாமாம். கத்தியக் கண்டா அது உள்ள ஓடி ஒளிஞ்சிக்கிடுமாம். அவங்க வீட்டுக்காரரு ஆட்டோ கூப்பிடப் போயிருக்காரு. போனா திரும்பி வரமாட்டாங்க சார். இப்ப எடுத்துட்டா பிழைக்க வழி இருக்குன்னு டாக்டர் சொல்லுதாரு. சரியான நேரத்துல வந்தவங்கள நானே வெரட்டிட்டேன்."

"அப்புறம் நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்லல! நண்டே இல்லக்கா, அது வெறும் பேருன்னேன். பேரு எதுக்குச் சும்மா வைக்காங்கன்னு கேக்காங்க. எத்தன பேரு பிழைச்சு நல்லா இருக்காங்கன்னு கணக்குச் சொன்னேன். டாக்டரும் வந்து படம் வரைஞ்சு காட்டுனாரு. அந்தப் படத்துலயும் நண்டுக்காலத்தான் தேடுதாங்க."

பின்வரிசையில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். நயினாரின் முகம் செத்துப்போயிருந்தது. படம் விழுந்துவிட்டால் செத்தாலும் மறக்காது என்று சொல்லிக்கொடுத்த மகராசன் அவர்தானே.

"அவங்க கேட்டத அப்படியே சொல்லுங்க," என்றார்.

"கார்சினோமான்னா என்னன்னு கேட்டாங்க."

"அப்படியேக்கா. அவங்க வாயில வந்த மாதிரி."

ஜெபசெல்வி நடப்பதை நிறுத்தினாள். காலையில் நடந்ததை மறுபடி ஒருமுறை மனதில் கேட்டுப் பார்த்தாள்.

"'என்னமோ கார்சினோமாங்காங்களே செல்வி, எனக்கு என்னம்மா ஆகும்?'"

சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். காலையிலிருந்து அந்தக் கேள்வி அவள் காதில் பாதிதான் விழுந்திருந்தது. தனக்குப் பதில் தெரிந்த பாதி.

"அதுக்கு எனக்குப் பதில் தெரியாதே சார்," என்றாள். "அவங்களுக்கு என்ன ஆகும்னு நான் எப்படிச் சொல்ல? டாக்டருக்கே முழுசாத் தெரியாது. நான் போய் என்ன சொல்லணும்? நீங்க சொல்லிக் குடுங்க. ஆட்டோ வந்துரும்."

நயினார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பலகையைப் பார்த்தார். அதில் அவரே எழுதிய முன்னொட்டுகள் வரிசையாக இருந்தன. அவற்றால் ஆகிற காரியமில்லை என்று தெரிந்தது.

"எனக்கும் தெரியலக்கா," என்றார்.

சொல்லிவிட்டு முன்வரிசை பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் இடம் விட்டார். வேறு வழியில்லாமல் ஜெபசெல்வியும் உட்கார்ந்தாள்.

கீழே மருந்துக்கடையில் யாரோ சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜெபசெல்வியின் கால் தரையில் தாளம் போட்டது. கடிகாரத்தைப் பார்த்தாள், சன்னலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"சார், நேரம் ஆவுது."

அவர் தலையை ஆட்டினார். எழுந்திருக்கவில்லை.

"ஏதாவது சொல்லுங்க சார்."

"தெரியலையேக்கா."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இவ்வளவுதானா உங்க வித்தை?"

"இவ்வளவுதான்," என்றார். அப்போதும் எழுந்திருக்கவில்லை.

ஜெபசெல்வி அழுதாள். காலையிலிருந்து அழ நேரமில்லாமல் வார்த்தை தேடி ஓடிக்கொண்டிருந்தவள், இளவயசுப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் வெட்கத்தைவிட்டு அழுதாள். அழாதீங்க என்று அவர் சொல்லவில்லை. எல்லாம் சரியாயிரும் என்றும் சொல்லவில்லை. அவள் அழுது முடிகிற வரைக்கும் அந்த பெஞ்சிலேயே, தரையைப் பார்த்தபடி இருந்தார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டபோது, கால் ஆடுவது நின்றிருப்பதை அவள் கவனித்தாள்.

"போய் என்ன சொல்லட்டும் சார்?" இந்தத் தடவை மெதுவாகக் கேட்டாள்.

"நான் இப்ப உங்ககிட்ட என்ன சொன்னேன்?" என்றார் நயினார்.

ஜெபசெல்வி எழுந்து படியிறங்கினாள்.

வார்டில் ஆவுடையம்மாள் சேலை மாற்றிக்கொண்டு, துணிப்பையை மடியில் வைத்து, கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கை நெஞ்சில் இருந்தது. ஜெபசெல்வியைக் கண்டதும் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"இன்னும் என்ன மிச்சம் வச்சிருக்க, சொல்லுததுக்கு?"

"ஒண்ணும் இல்லக்கா."

ஜெபசெல்வி பக்கத்தில் உட்கார்ந்தாள். நாக்கு நுனிவரை எத்தனையோ வந்தது. தைரியம் சொல்கிற சொற்கள், மன்னிப்புக் கேட்கிற சொற்கள், ஆங்கிலத்தில் சில. எல்லாவற்றையும் விழுங்கினாள். அப்படி விழுங்குவது சாமானியமான வேலையாக இல்லை.

ஆவுடையம்மாள்தான் கேட்டாள். முகம் இன்னும் சுவர் பக்கம்தான்.

"எனக்கு என்ன ஆகும்?"

"தெரியலக்கா."

ஆவுடையம்மாள் திரும்பி அவளைப் பார்த்தாள். எழுந்து போய்விடுவாளோ என்று பார்த்தாள். ஜெபசெல்வி போகவில்லை.

"பயமா இருக்கு, செல்வி."

"எனக்குந்தான்க்கா."

நெஞ்சில் இருந்த கை இறங்கி வந்து ஜெபசெல்வியின் கையைப் பற்றியது. பீடி இலை வெட்டிக் காய்ப்பேறிய விரல்கள், நல்ல இறுக்கம். இருவரும் அப்படியே இருந்தார்கள்.

ஆவுடையம்மாளின் புருஷன் சங்கரன் மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றார். "ஆட்டோ வந்துட்டு. கெளம்பு."

"அவன அனுப்பிருங்க," என்றாள் ஆவுடையம்மாள். "நாளைக்கு ஆபரேஷன் முடியட்டும்."

சங்கரன் மனைவியைப் பார்த்தார், பிறகு நர்ஸைப் பார்த்தார். ஆபரேஷனுக்குச் சம்மதிக்கச் சொல்லிக் காலையிலிருந்து அவளிடம் கெஞ்சிக் களைத்த மனிதருக்கு நம்ப முடியவில்லை.

"அப்படி என்னம்மா சொன்னீங்க இவகிட்ட?"

ஜெபசெல்வி, தொடாமல் ஆறிக்கிடந்த கஞ்சியை எடுத்து ஆவுடையம்மாள் பக்கம் நகர்த்தினாள்.